திமிங்கிலத்துக்கு இடமில்லை என்றார்கள்!

பொங்கல் விடுமுறையில் சென்னை எழும்பூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ரயிலேறி வந்த கூலிக்காரக் குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாக மியூசியத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அதற்குப் படித்தவர்கள் வைத்த பெயர் அருங்காட்சியகம். ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. காலேஜ் வாசற்படியை மிதிக்கவிடாத சமுதாயத்தில், நம் ஜனங்கள் தங்களுக்கென்று இரண்டு காலேஜ்களைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள்!

இதை மறந்துவிட்டுச் சிலர் பேசுகிறார்கள். "வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்குச் செத்த மிருகம் எதற்கு? கூலி உயர்வு கேட்கவேண்டிய நேரத்தில் காட்சிசாலை கேட்பதா?" என்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் இப்படிக் கேட்கிறார்கள்.

வேறு சிலர் இன்னொரு ராகம் பாடுகிறார்கள். "சிங்கப்பூரைப் பாருங்கள்! அங்கே சர்க்காரை நச்சரிக்கவில்லை. கொடை வள்ளல்கள் பணம் கொடுத்தார்கள், இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை எழும்பி நிற்கிறது" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் அந்தச் சிங்கப்பூரின் கதையிலேயே இருக்கிறது. பாதிக் கதையைச் சொல்லி ஊரை ஏமாற்ற வேண்டாம். முழுக் கதையையும் நாம் சொல்லுகிறோம்.

மரம் அறுத்தவனும் வண்டு பிடித்தவனும்

1854-ல் ஆல்பிரட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அவர் பிரபுவல்ல, பணமில்லாமல் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். நிலம் அளக்கும் வேலை பார்த்தவர். தொழிலாளிகள் மாலை நேரத்தில் கூடிப் படித்த மன்றங்களில் அறிவைத் தேடியவர். பூச்சியும் பறவையும் சேகரித்து விற்றுத்தான் அவர் பிழைப்பு நடந்தது.

புக்கிட் தீமா குன்றில், ஒரு சதுர மைல் அளவுள்ள காட்டில், இரண்டே மாதத்தில் அவர் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். எப்படி முடிந்தது? அவரே காரணம் எழுதி வைத்தார். அங்கே சீனத் தொழிலாளிகள் மரம் வெட்டி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாய்த்த மரத்திலும் உரித்த பட்டையிலும் கொட்டிய மரத்தூளிலும்தான் வண்டுகள் மொய்த்தன. அலி என்ற மலாய் இளைஞர் அவருடன் தீவு தீவாகச் சென்று பறவைகளைச் சேகரித்தார். இந்தச் சேகரிப்பிலிருந்துதான், உயிரினங்கள் எப்படி மாறி வளர்கின்றன என்ற உண்மையை டார்வினைப் போலவே வாலஸும் தனியாகக் கண்டார். 1858-ல் இருவரின் கருத்தும் சேர்ந்தே வெளிவந்தது. பிற்காலத்தில், 1889-ல், தாம் ஒரு சோஷலிஸ்ட் என்று வாலஸ் பகிரங்கமாகச் சொன்னார்.

மனிதனை மேலென்றும் கீழென்றும் ஆண்டவன் படைத்துவிட்டான் என்ற கட்டுக்கதையின் கழுத்தில் கத்தி வைத்த அறிவு இது. இந்த அறிவின் அஸ்திவாரத்தில் மரம் அறுத்த கூலிக்காரனின் வியர்வை இருக்கிறது. பிறகு காட்சிசாலை நமக்கு அந்நியம் என்று யார் சொல்ல முடியும்?

சர்க்கார் தூக்கி எறிந்தது

சிங்கப்பூரில் 1874-ல் வெள்ளைக்கார ஆட்சி ஒரு மியூசியத்தை ஏற்படுத்தியது. 1887-ல் அதற்குப் பெரிய கட்டடம் கிடைத்தது. ராபிள்ஸ் மியூசியம் என்று பெயர். ஏகாதிபத்தியம் தன் பெருமைக்காகக் கட்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருந்தவை மலாயாவின் புலி, காட்டுப் பறவை, கடல் நண்டு, பாம்பு. அவை அந்த மண்ணின் சொத்து.

1892-ல் மலாக்காக் கரையில் 42 அடி நீளத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அதன் எலும்புக்கூட்டை 1907-ல் மியூசியத்தில் தொங்கவிட்டார்கள். துறைமுகக் கூலியும் ரிக்ஷாக்காரனும் பள்ளிப் பிள்ளையும் அதற்கடியில் நின்று வாய்பிளந்து பார்த்தார்கள். இரண்டு தலைமுறைக்கு அந்தத் திமிங்கிலம்தான் மியூசியம். மியூசியம் என்றால் அந்தத் திமிங்கிலம்தான்.

வெள்ளையர் போனார்கள். புதிய ஆட்சி வந்தது. தேசிய மியூசியம் இனி வரலாற்றுக்கும் கலைக்கும் என்றார்கள். விஞ்ஞானத்துக்குத் தனியாக ஒரு மையம் கட்டினார்கள். அங்கேயும் இந்தச் சேகரிப்புக்கு இடம் தரவில்லை. நூறு ஆண்டு சேர்த்த செல்வம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிரினங்களின் உடல்கள், இரண்டு வீட்டுக்கும் வேண்டாத பிள்ளையாயின. 1972-ல் அவற்றைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை தலையில் கட்டிவிட்டார்கள். அங்கேயும் இடமில்லை. 1974-ல் திமிங்கிலத்தைக் கோலாலம்பூர் மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆலைக்கு இடமிருந்தது. துறைமுகத்துக்கு இடமிருந்தது. திமிங்கிலத்துக்கு மட்டும் இடமில்லை!

காப்பாற்றியவர்கள் யார்?

வள்ளல்கள் காப்பாற்றினார்களா? இல்லை. அப்போது ஒரு வள்ளலும் வாசலில் வந்து நிற்கவில்லை.

காப்பாற்றியவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்த சிலர். யாங் சாங் மான் என்ற பெண்மணி அந்தச் சேகரிப்பின் காப்பாளர். பழைய பட்டாளக் கொட்டகை ஒன்றில் சில காலம், நன்யாங் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் சில காலம் என்று அது அலைந்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சாடிகளையும் பெட்டிகளையும் கட்டி, ஏற்றி, இறக்கி, மறுபடி அடுக்க வேண்டும். வீடில்லாத குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையுமே, அப்படி! 1980-களின் பிற்பாதியில்தான் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் அதற்கு நிலையான ஓர் இடம் கிடைத்தது. 1998-ல் அது ஆராய்ச்சி மியூசியமாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஜனங்கள் பார்ப்பதற்கென்று கிடைத்ததோ சின்னஞ்சிறு கூடம்தான்.

அந்தச் சிறு கூடத்தைச் சுற்றித்தான் தொண்டர் படை உருவாயிற்று. அவர்கள் தங்களுக்கு 'டாடிகேட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கள்ளுப் பானையைத் தேடி மரமேறும் மரநாயின் பெயர் அது. பனையேறும் தோழர்களுக்கு அந்தத் திருடனை நன்றாகத் தெரியும்! மாணவர்களும் ஆசிரியர்களும் உத்தியோகஸ்தர்களும் விடுமுறை நாளில் வந்தார்கள். ஜனங்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போய்க் காட்டினார்கள். அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கிக் குப்பை வாரினார்கள். வாரிய குப்பையை எண்ணிக் கணக்கும் எழுதினார்கள்.

2001-ல் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை மண்கொட்டித் தூர்க்கப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. தொண்டர்களும் விஞ்ஞானிகளும் வற்றுக்கடல் நேரத்தில் போய் நட்சத்திர மீனையும் கடல் குதிரையையும் கடல் பஞ்சையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். ஜனங்களைத் திரளாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். பார்த்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கேள்வி எழுந்தது. கடிதங்கள் குவிந்தன. தூர்க்கும் வேலையைத் தள்ளிவைப்பதாக 2002 ஜனவரியில் சர்க்கார் அறிவித்தது.

செத்த உயிர்களைப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் உயிருள்ள கடற்கரையைக் காப்பாற்றினார்கள்! காட்சிசாலையின் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

2009 மே மாதம் அந்தச் சிறு கூடத்தை ஒருநாள் திறந்து வைத்தபோது மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். "நமக்கென்று முழுமையான இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை ஏன் இல்லை?" என்ற குரல் பத்திரிகையில் எழுந்தது. ஜனங்கள் குரல் கொடுத்த பிறகுதான் பணப்பெட்டி திறந்தது. பெயர் சொல்லாத ஒருவர் 1 கோடி சிங்கப்பூர் டாலர் தர முன்வந்தார். "3 கோடி 50 லட்சம் திரட்டிக் காட்டுங்கள், நிலம் தருகிறோம்" என்றது பல்கலைக்கழகம். 2010 நடுவில் 4 கோடி 60 லட்சம் சேர்ந்தது. அதில் 2 கோடி 50 லட்சம் லீ அறக்கட்டளையின் பணம். 2015 ஏப்ரலில் காட்சிசாலை திறந்தது. அதன் பெயர் லீ கோங் சியான் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை.

கதையின் கடைசி ஐந்து ஆண்டை மட்டும் சொல்லி, "பார், கொடையின் மகிமை!" என்கிறார்கள். முந்திய 37 ஆண்டு சாடி சுமந்தவர்களை ஏன் மறைக்கிறார்கள்?

கொடை யார் காசு?

லீ கோங் சியான் யார்? மலாயாவின் பெரிய ரப்பர் முதலாளி. ரப்பர் என்றவுடன் நம் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமத்துக் கிழவிகளின் நெஞ்சு பதறும். 1877-ல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்தன. பிறகு மலாயா முழுவதும் பால்மரக் காடாயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்ட நம் ஜனங்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910-ல் அந்த முறை ஒழிந்த பின் கங்காணியின் ஆட்களாகவும் போனார்கள். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில், மரம் மரமாகக் கீறிப் பால் எடுத்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கு வைத்தவன் யார்?

எந்தத் தோட்டம் எந்த முதலாளியுடையது என்று வழக்காட நாம் வரவில்லை. தமிழனோ, சீனனோ, மலாய்க்காரனோ, ஒரு தொழிலாளி மரத்தைக் கீறாமல் ஒரு சொட்டு ரப்பர் இல்லை. ரப்பர் இல்லாமல் ரப்பர்ச் செல்வம் இல்லை. அந்தச் செல்வம் இல்லாமல் அந்த அறக்கட்டளை இல்லை. உழைத்தவன் பெயர் கட்டடத்தில் எங்கே?

லீ கோங் சியானைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. ஒரு விஷயத்தில் அவரை நாம் சாட்சிக்கே அழைக்கிறோம். 1953-ல் சிங்கப்பூரில் பொது நூலகம் கட்ட அவர் 3 லட்சத்து 75 ஆயிரம் டாலர் தர முன்வந்தார். போட்ட நிபந்தனை என்ன? அந்த நூலகம் ஜனங்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும் என்பது! இன்று அவர் பெயரைத் தாங்கிய காட்சிசாலையில் நுழைய டிக்கெட் வாங்க வேண்டும். தினக்கூலிக்காரனுக்கு அது சில்லறைக் காசல்ல. முதலாளி உயிரோடிருந்தபோது வைத்த நிபந்தனை கூட முதலாளித்துவ ஏற்பாட்டில் தங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கொடை வரும், வராமலும் போகும். 1972-ல் வரவில்லை. 2010-ல் வந்தது. இடையில் தீப்பிடித்திருந்தால்? கறையான் தின்றிருந்தால்? ஜனங்களின் அறிவுச் செல்வம் பணக்காரனின் மனநிலையை நம்பி இருக்கக்கூடாது. சர்க்கார் வரி வாங்குகிறது. தீப்பெட்டிக்கும் வேட்டிக்கும் நாம் வரி கொடுக்கிறோம். பொறுப்பு சர்க்காருடையது.

சாட்சிக் கூண்டு

முதல் கேள்விக்கு வருவோம். வயிறு காய்ந்தவனுக்குச் செத்த மிருகம் எதற்கு?

வயலில் பூச்சி மருந்து அடிக்கும் தோழர்களே, இதைக் கேளுங்கள். பிரிட்டனில் வல்லூறுகள் திடீரென்று குறைந்தன. அடைகாக்கும்போதே முட்டை உடைந்தது. காரணம் என்ன? ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி, ஆண்டாண்டாகச் சேர்த்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளைப் பெட்டி பெட்டியாக எடுத்து எடைபோட்டார், அளந்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துபோனது தெரிந்தது. டி.டி.டி. போன்ற மருந்துகள் வயலுக்கு வந்த காலமும் அதுதான்! 1967-ல் அவர் இதை வெளியிட்டார். அமெரிக்காவிலும் காட்சிசாலை முட்டைகளை அளந்து இதையே கண்டார்கள். பெட்டிக்குள் கிடந்த முட்டை ஓடு விஷத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லியது.

பறவையின் உடம்பில் ஏறிய விஷம், அதை முதுகில் சுமந்து தெளித்தவன் உடம்பில் ஏறாதா? பழைய முட்டையைப் பத்திரப்படுத்தாமல் விட்டிருந்தால் இந்த உண்மையை எதை வைத்து நிரூபிப்பது?

சிங்கப்பூரிலும் அப்படியே. காட்சிசாலை திறந்து மூன்று மாதம் ஆகுமுன், 2015 ஜூலையில், ஜூரோங் தீவுக்கு அருகே செத்த திமிங்கிலம் ஒன்று மிதந்து வந்தது. ஊழியர்களும் தொண்டர்களும் அழுகல் நாற்றத்தில் நின்று சதையை அறுத்து எலும்பைப் பிரித்தார்கள். அதன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. 1974-ல் போன திமிங்கிலத்தின் இடத்தில் இன்னொன்று 2016-ல் தொங்கியது. இது கடலைக் குப்பைத்தொட்டி ஆக்கியவர்கள் மேல் குற்றப்பத்திரிகையோடு தொங்கியது.

ஆம், காட்சிசாலை ஒரு சாட்சிக் கூண்டு. ஆறு எப்படி இருந்தது, அதில் என்ன மீன் இருந்தது, எந்த ஆண்டு அது மறைந்தது? இதற்கெல்லாம் சாட்சி அங்கே இருக்கிறது. சாயக் கழிவை ஆற்றில் விடுகிறவனுக்குச் சாட்சி பிடிக்குமா?

நம் வீட்டுச் சாட்சிகள்

நம் நாட்டில் இந்தச் சாட்சிகளின் கதி என்ன?

அரியலூர் மாவட்டம் கல்லமேடு. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் வாழ்ந்த டைனோசாரின் எலும்புகள் அங்கே கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். பூமியில் நடமாடிய மிகப்பெரிய மிருகங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 1980-களில் அதற்கு 'பிருஹத்காயோசாரஸ்', பேருடல் பல்லி, என்று பெயரும் வைத்தார்கள். எலும்பு எங்கே? இல்லை! பொடிந்து போய்விட்டது. மிஞ்சியது சில படங்கள்தான். 2022-ல் விஞ்ஞானிகள் பழைய படங்களை வைத்துத்தான் அதைப் பற்றி மறுபடி எழுத நேர்ந்தது. உலகமே வந்து பார்த்திருக்கவேண்டிய எலும்பு, உரிய நேரத்தில் உரிய பாதுகாப்பு இல்லாமல் மண்ணோடு மண்ணாயிற்று. இன்று அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் ஒரு காட்சிசாலை இருக்கிறது, நல்லது. ஆனால் போன எலும்பு திரும்பி வருமா?

டெல்லியைப் பாருங்கள். தேசிய இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை 1978-ல் திறக்கப்பட்டது. எங்கே? முதலாளிகளின் வர்த்தக சம்மேளனக் கட்டடத்தில், வாடகை மாடிகளில்! 38 ஆண்டு அது குடித்தனக்காரனாகவே இருந்தது. 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் தீப்பிடித்து எரிந்தது. சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே இரவில் சாம்பலாயிற்று. இத்தனை பெரிய தேசத்தின் இயற்கைச் செல்வத்துக்குச் சொந்தமாக ஒரு கூரை போட இந்த ஆட்சிகளுக்கு 38 ஆண்டு போதவில்லை!

நாம் கேட்பது என்ன?

சிங்கப்பூர்த் தொண்டர்களை நாம் வணங்குகிறோம். சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றை உரக்கச் சொல்லுவோம். தொண்டு வேறு, கூலியில்லா வேலை வேறு. தொண்டர்கள் வருகிறார்கள் என்பதைக் காட்டி நிரந்தர ஊழியரைக் குறைப்பதை ஆலைத் தொழிலாளி ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

இயற்கை வரலாற்றுக் காட்சிசாலைகளுக்குச் சர்க்கார் பணத்தில் சொந்தக் கட்டடம் வேண்டும். தீயிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பு வேண்டும்.

அங்கே நிரந்தர ஊழியர்கள், நிரந்தரச் சம்பளத்தில் வேண்டும்.

தொழிலாளி குடும்பத்துக்கு நுழைவு இலவசமாக வேண்டும். ஆலை விடுமுறை நாளிலும் மாலையிலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ ஏரி வெட்டும் இடத்திலோ கல்லாகிப்போன எலும்பு அகப்பட்டால், அந்த இடத்தில் வேலையை நிறுத்தி விஞ்ஞானியை அழைக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி வெட்டக் கூடாது. கண்டெடுத்த தொழிலாளியின் பெயர், ஆணோ பெண்ணோ, கண்ணாடிப் பெட்டியில் எழுதப்பட வேண்டும்.

இவை கூலிப் போராட்டத்துக்கு எதிரான கோரிக்கைகளா? இல்லை, தோழர்களே! எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிச்ச நேரத்தில் தூங்க மட்டுமா போராடினார்கள்? படிக்க, பார்க்க, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உலகத்தைக் காட்டவும்தான் போராடினார்கள்.

செத்த காலேஜில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்று ஒரு பிள்ளை, "அப்பா, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை அடுத்த கேள்வியும் கேட்கும்: "அப்பா, நம் நிலம் எங்கே போனது?"

அந்தப் பிள்ளைக்கு இடம் வேண்டும். ஆகவே திமிங்கிலத்துக்கும் இடம் வேண்டும்!